இயக்கத்துக்குப் போன பிள்ளை

1

போன கிழமை ஒரு நாள் காலையில் என் மகள் தாரணி பாணில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த காயா ஜாமைத் தடவிக்கொண்டே, "மா, திங்கக்கிழமை நான் இயக்கத்துக்குப் போறேன். சாப்பாட்டுக்கு வெயிட் பண்ணாதீங்க" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேருக்கு நெஞ்சு ஒருதரம் திக்கென்றிருக்கும். எனக்கும் அப்படித்தான். தேநீர் வடியை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். மற்றப் பாதிப்பேர், அதாவது சண்டை முடிந்தபிறகு வளர்ந்தவர்கள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் இயக்கம் என்றால் ஒரே பொருள்தான், ஆயுதம் தூக்கியவர்கள். எந்த இயக்கம் என்று கேட்கலாம், என்ன இயக்கம் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு ஒரு பிள்ளை காணாமல் போகும். இரண்டு நாள் கழித்து அயலில் குரலைத் தாழ்த்தி, "அது இயக்கத்துக்குப் போயிட்டுதாம்" என்பார்கள். அதற்குமேல் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதுதான் அயலவரின் வேலை.

ஆனால் பினாங்கில் இந்தச் சொல் வேறு சீவியம் நடத்துகிறது. இங்கே பந்து விளையாடுகிறவர்களும் ஓர் இயக்கம், இரத்ததானம் செய்கிறவர்களும் ஓர் இயக்கம். என் கணவர் சிவா இரண்டு இயக்கங்களில் பொருளாளர். ஒன்றில் தேவார வகுப்பு நடக்கிறது, மற்றதில் வருடத்துக்கு ஒருமுறை பாட்மிண்டன். தமிழ்ப் பேப்பரைத் திறந்தால் இயக்கத் தலைவர் ரிப்பன் வெட்டுகிறார், இயக்கச் செயலாளர் பொன்னாடை போர்த்துகிறார். வந்த புதிதில் அந்தப் படங்களை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் இயக்கத் தலைவர்கள் இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றதில்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன். மண்டைக்கு எல்லாம் தெரியும். ஆனால் வயிற்றுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"என்ன இயக்கம், பிள்ளை?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பும் வந்தது.

"மாணவர் இயக்கம் லா, மா. கேம்பஸ்ல."

சிரிப்பு அதோடு போய்விட்டது.

2

இந்தச் சொல் என்னை முன்பும் ஒருதரம் மாட்டிவிட்டிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டின் மேல் எனக்குள்ள நன்றி அங்கேதான் தொடங்கியது.

நான் கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். சிவாவின் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கர் உத்தியோகத்துக்கு வந்தவர். அந்தக் குடும்பம் தோசையையும் சம்பலையும் விடவில்லை, தமிழை மட்டும் இந்த ஊர்த் தமிழாக மாற்றிக்கொண்டது. நான் வந்து சேர்ந்தபோது கையில் வருட விசா. ஒவ்வொரு வருடமும் குடிநுழைவு அலுவலகத்தில் போய் நிற்கவேண்டும். நிரந்தர வசிப்புக்கு எழுதிப்போட்ட பிறகு ஒரு நாள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது மலாய் சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். சிவா மொழிபெயர்க்க வந்திருந்தார்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஏதாவது சங்கத்தில், அமைப்பில் உறுப்பினராக இருந்தது உண்டா என்பது ஒரு கேள்வி. சிவா என் பக்கம் திரும்பி, "நீ ஊர்ல ஏதாச்சும் இயக்கத்துல இருந்தியான்னு கேக்குறாங்க" என்றார். அவர் மனதில் இருந்தது வலைப்பந்து, கோலப்போட்டி அந்த மாதிரி.

"நான் இல்லை, அண்ணாதான் போனவர். நாங்கள் ஒருத்தரும் அனுப்பேல்லை. அவர் திரும்பி வரவும் இல்லை" என்று தமிழில் ஒப்புவித்துவிட்டு அழத் தொடங்கிவிட்டேன்.

சிவாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணாவைப் பற்றி அவருக்குத் தெரியும், ஆனால் தான் சொன்ன சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் உண்டென்று அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. கவுண்டரைப் பார்த்து மலாயில், "அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளி, "சபார், காக்" என்றார். பொறுமையாக இரு அக்கா என்று அர்த்தம். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்றார். பிறகு குனிந்து இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கொழும்பில் என் பெயரையும் ஊரையும் கேட்ட அதிகாரிகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அழுதபோது டிஷ்யூ தந்தவர் இவர் ஒருவர்தான். நிரந்தர வசிப்புக்கான சிவப்பு அட்டை கைக்கு வரப் பிறகும் வருடங்கள் ஆயின, அந்தக் காத்திருப்பு இங்கே எல்லாருக்கும் உள்ளது. அந்த அம்மா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

3

தாரணி சீனப் பள்ளியில் படித்தவள். நாங்கள் இருக்கிற ஜெலுத்தோங்கில் வீட்டுக்குக் கிட்ட இருந்தது அந்தப் பள்ளிதான், அதனால் சேர்த்தோம். இன்றைக்கும் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சீனத்தில்தான் சொல்லுவாள். கனவில் புலம்புவதும் சீனத்தில். என்னோடு பேசுவது பினாங்குத் தமிழ். கோபம் வந்தால் மலாய்க்கு மாறிவிடுவாள், அதில் எனக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளை என் மொழியில் சண்டை பிடிப்பதில்லை என்பது சின்ன வருத்தம்தான், ஆனாலும் வருத்தம்.

இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு கடைசி வருடம். சீன மாணவர் போராட்டங்களைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. ஆறு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் பெய்ஜிங் மாணவர்கள்தான். மீன் குழம்புக்கும் சோற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து நானும் படித்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, மே மாதம் நாலாந் திகதி. முதல் உலக யுத்தம் முடிந்து ஐரோப்பாவில் பங்கு பிரிக்கிறார்கள். சீனாவில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த ஷான்டோங் பகுதியைச் சீனாவுக்குத் திருப்பிக் கொடுக்காமல் ஜப்பானுக்குக் கொடுக்கிறார்கள். செய்தி வந்ததும் பெய்ஜிங் மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு மந்திரியின் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். பொலிஸ் அவர்களைப் பிடித்து அடைத்தது. அடைக்க அடைக்க மற்ற ஊர்களிலும் கிளம்பியது. வியாபாரிகள் கடையைச் சாத்தினார்கள், ஷாங்காயில் தொழிலாளர் வேலைக்குப் போகவில்லை. கடைசியில் சீனப் பிரதிநிதிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.

"அவங்க ரெண்டு பேர கூப்பிட்டாங்க மா. மிஸ்டர் சைன்ஸ், மிஸ்டர் டெமாக்ரசி. அப்படித்தான் எழுதுவாங்க, மனுசங்க மாதிரி" என்றாள் தாரணி.

"வந்தவையோ அந்த ரெண்டு பேரும்?"

"ஒருத்தர் வந்துட்டாரு. இன்னொருத்தர் ஆன் த வே."

இப்படியெல்லாம் சிரிக்கவைப்பாள். ஆனால் கதை போகப்போகச் சிரிப்பு வரவில்லை. அந்த மே மாதத்து ஆட்கள் சிலர் சேர்ந்து பிறகு கட்சி தொடங்கினார்கள். அந்தக் கட்சி நாட்டைப் பிடித்தது. மே நாலை இளைஞர் நாளாக அரசாங்கமே கொண்டாடுகிறது. அறுபதுகளில் மாணவர்களை, அந்த மே மாதத்து ஆட்களின் பேரப்பிள்ளைகளின் வயதில் உள்ளவர்களை, கட்சித் தலைவரே தூண்டிவிட்டார். அவர்கள் தங்கள் வாத்திமாரை முழங்காலில் நிற்கவைத்து அடித்தார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளையே வயற்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பத்தொன்பதில் மாணவர்கள் பெய்ஜிங் சதுக்கத்தில் பட்டினி கிடந்தார்கள். மாணவர் ஊர்வலத்தைக் கொண்டாடுகிற அதே கட்சி இவர்களுக்குப் பட்டாளத்தை அனுப்பியது. கொஞ்சக் காலத்துக்கு முன்பு, நோய்க்காக ஊரையே பூட்டிவைத்திருந்த நாட்களில், சீனப் பிள்ளைகள் ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எழுதினால்தானே குற்றம்.

தாரணியின் ஆய்வில் மாணவர்கள் எதைத் தொடக்கினார்கள், யார் கூடச் சேர்ந்தார்கள், என்ன மாறியது என்றெல்லாம் இருக்கிறது. நன்றாக எழுதுகிறாள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இவையிலை எத்தினை பேர் வீட்டை வந்தவை?"

"அது ரிசர்ச் கொஸ்டின் இல்ல மா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் அப்படி எண்ணல போல" என்றும் சொன்னாள்.

எங்கள் ஊரிலும் மாணவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடப் புள்ளி வேண்டும் என்று அரசாங்கம் கைவைத்தபோது பள்ளிக்கூடப் பெடியள்தான் வீதிக்கு வந்தார்கள். கேட்டது நியாயம். அதை இன்றைக்கும் சொல்வேன். தொடக்கியது அவர்கள், எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று பிறகு வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள்.

4

திங்கட்கிழமை விஷயம் சின்னது. பல்கலைக்கழகத்திலிருந்து இரவில் புறப்படும் கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆய்வுகூடத்திலும் நூலகத்திலும் நேரஞ்சென்று படிக்கிற பிள்ளைகள் இருட்டில் நடக்கவேண்டியிருக்கிறது. கடிதம் கொடுத்தார்கள், பதில் இல்லை. அதனால் மே நாலாந் திகதி நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைத்தாள் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பது என்று முடிவு. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும். யோசனை தாரணியுடையது.

சீனாவையே ஆட்டிய வெள்ளைத்தாள் பினாங்கில் ஒரு பஸ்ஸுக்காக நிற்கப்போகிறதே என்று சிவா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் பெற்றோர் எல்லாருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து போனில் ஒரு தகவல் வந்தது. அனுமதியில்லாத கூட்டத்தில் நிற்கிற மாணவரின் பெயர் எடுக்கப்படும், ஒழுங்கு விசாரணை நடக்கும், பிள்ளைக்கு நல்ல புத்தி சொல்லவும்.

பெயர் எடுக்கப்படும். இந்தச் சொற்களை நான் எங்கெங்கே கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளுக்குக் கடைசி வருடம். ஒரு விசாரணை என்று இழுத்தால் பட்டம் நிற்கும். அதைவிட, பெயர் எடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதில் எனக்கு வேறு அனுபவம். நான் இன்னும் சிவப்பு அட்டைக்காரி. வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் விருந்தாளிக்கு மரியாதை என்று இத்தனை வருடமும் இருந்தவள்.

"நீ போகேலாது" என்றேன்.

"இது பஸ் மா."

"எல்லாம் பஸ்ஸிலைதான் தொடங்கும்."

"உங்களுக்கு இயக்கம்னா துவக்கு. எனக்கு பஸ். அவ்ளோதான் லா."

துப்பாக்கிக்குத் துவக்கு என்கிற எங்கள் சொல்லை அவள் வாயில் கேட்டது அன்றைக்குத்தான். எங்கே பிடித்தாளோ. அதற்குப் பிறகு மலாய்க்கு மாறிவிட்டாள். சனிக்கிழமை முழுக்க மலாய். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை.

சிவா எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று, "போவட்டும். இங்க என்ன பண்ணிடுவாங்க?" என்றார். இந்த ஊரில் பிறந்தவருக்கு அப்படிக் கேட்கமுடிகிறது. அந்தக் கேள்வி வருகிற வாயைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளே போனேன். சாவி மாட்டியிருந்த ஆணியிலிருந்து அவளுடைய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து என் வீட்டுச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

5

ஞாயிறு பின்னேரம் பக்கத்து வீட்டு சியூ லான் அக்காவிடம் போனேன். அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பாலிக் புலாவில் அவருடைய தம்பிக்கு ஜாதிக்காய்த் தோட்டம் இருக்கிறது. காய் வந்தால் முன்போர்ட்டிகோவில் பாய் விரித்துச் சீவுவோம், அவர் சீனி போட்டு ஊறவைத்து விற்பார். நாங்கள் பேசுவது இரண்டு பேரும் அரைகுறையாகக் கற்ற மலாய். அதனால் ஒருவர் பிழையை மற்றவர் கண்டுபிடிப்பதில்லை. இங்கே தமிழில் தருகிறேன்.

நான் முழுவதையும் சொன்னேன். சாவியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"பஸ்ஸுக்கா?" என்றார். "பஸ்ஸுக்குப் போகட்டும் லா. என் அக்கா ஒரு தேசத்துக்கே போனாள்."

இருபது வருடமாகப் பக்கத்து வீடு. இப்படி ஒரு அக்கா இருந்தது எனக்குத் தெரியாது. அவர் சீவியபடியே சொன்னார். ஐம்பதுகளில் அந்த அக்கா இங்கே சீன உயர்பள்ளியில் படித்தாளாம். மாணவர் சங்கம், கூட்டம், பாட்டு. புதிய சீனாவைக் கட்டப் பிள்ளைகள் வேண்டும் என்று கப்பல் கப்பலாகப் போன காலம். போனால் மலாயாவுக்குத் திரும்பி வர வெள்ளைக்காரன் விடமாட்டான் என்று தெரிந்தே போனார்கள்.

"அங்கே டீச்சரானாள். நல்ல டீச்சர். பிறகு அந்தக் காலம் வந்தது தெரியும்தானே. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், வேவுகாரி என்று அவள் வகுப்புப் பிள்ளைகளே அவளை முழங்காலில் வைத்தார்கள். அவள் இங்கே பாடின அதே பாட்டைப் பாடிக்கொண்டு வைத்தார்களாம்."

அவருடைய கத்தி நின்றுவிட்டது.

"கிழவியான பிறகு ஒருதரம் வந்தாள். இரண்டு வாரம் இருந்தாள். ஏன் போனாய் என்று நான் கேட்கவே இல்லை. ஏன் சொல்லாமல் போனாய் என்றுதான் கேட்டேன். எனக்கு அப்போது ஆறு வயது, ராத்திரி முழுக்க அவள் பாயில் படுத்து அவளுக்காகக் காத்திருந்தேன் என்றேன்."

"என்ன சொன்னா?"

"அப்பா கதவைப் பூட்டினார், அதனால் சொல்லவில்லை என்றாள். பூட்டாமல் விட்டிருந்தால் சொல்லிவிட்டுப் போயிருப்பாளாம்." சியூ லான் அக்கா ஜாதிக்காயைத் திரும்பவும் எடுத்தார். "கதவு அவளை நிறுத்தவில்லை. எங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தியது."

என் கை பைக்குள் இருந்த சாவியில் இருந்தது.

அம்மாவும் பூட்டினார். அண்ணாவின் சைக்கிளை. ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பெடியள் ஒழுங்கையில் கூடிக் கதைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா சைக்கிளைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார். சைக்கிள் இல்லாமல் எங்கே போவான் என்று அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவன் இன்னொருவனின் சைக்கிள் பாரில் ஏறிப் போய்விட்டான். வாசலில் ஒரு சொல் இல்லை. போயிட்டு வாறன் என்று சொல்லியிருந்தால் அம்மா மறித்திருப்பார் என்று அவனுக்குத் தெரியும். அம்மாவை நான் ஒருநாளும் குறைசொன்னதில்லை, யார்தான் பூட்டியிருக்கமாட்டார்கள்? ஆனால் நானும் அதையே செய்துகொண்டு ஜாதிக்காய் சீவிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினேன். தாரணி சோபாவில் இருந்து பார்த்தாள்.

"போறதெண்டால் போ" என்றேன். "ஆனால் வெளிக்கிடேக்கை சொல்லிப்போட்டுப் போ. அவ்வளவும்தான் கேக்கிறன்."

"சரி மா" என்றாள். தமிழில்.

6

திங்கட்கிழமை பின்னேரம் நல்ல மழை. மதியம் வெளிக்கிடும்போது அடுப்படிக்கு வந்து, "மா, நான் போயிட்டு வர்றேன்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றும் சொன்னாள். ஆறு போய்விட்டது. ஏழும் ஆகப்போகிறது. போன் எடுக்கவில்லை. சிவா பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை முடிந்து பெர்ரியில் வந்துகொண்டிருந்தார். நான் சோற்றை இறக்கிவைத்துவிட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டார். அம்மாவுக்கு எண்பது முடிந்துவிட்டது. காது நல்ல கூர்மை. என் குரலைக் கேட்டவுடனே, "என்ன, தாரணி எங்கை?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பல்கலைக்கழகத்திலை ஒரு கூட்டம் அம்மா. பஸ் விடச் சொல்லி. பிள்ளையள் எல்லாம் சேர்ந்து..."

"இயக்கமோ?"

அண்ணா போன நாளிலிருந்து அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'அது' என்பார், 'அந்தப் பக்கம்' என்பார். அவ்வளவுதான்.

"ஓமம்மா" என்றேன். "இஞ்சை அதுக்கும் இயக்கமெண்டுதான் சொல்லுறது."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"வீட்டிலை சொல்லிப்போட்டோ போனவள்?"

"ஓம். சொல்லிப்போட்டுத்தான் போனவள்."

"அப்ப வருவாள்" என்றார் அம்மா.

அம்மா சொன்னபிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு கேட் திறக்கிற சத்தம். தாரணி மழையில் தோய்ந்து உள்ளே வந்தாள். போன் நனைந்து செத்துவிட்டதாம். பெயரெல்லாம் எழுதிக்கொண்டார்களாம். பிறகு மழை பெரிதாகிவிட்டதால் அதே அதிகாரிகள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, கான்டீனில் சூடாக மைலோ வாங்கிக்கொடுத்தார்களாம். பஸ் வருமா, விசாரணை வருமா என்று இதை எழுதுகிற இன்றைக்கும் தெரியாது. பெயரை எழுதியவர்கள் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். என்னுடைய நன்றி எவ்வளவு என்று அவர்களுக்கு விளங்காது, எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும்.

"மா, பசிக்குது. என்ன இருக்கு?" என்றாள்.

"வந்திட்டாளோ?" என்றார் அம்மா போனில்.

"வந்திட்டாள் அம்மா. சாப்பிடப்போறாள். நான் பிறகு எடுக்கட்டோ?"

"வைக்காதை" என்றார். "அவள் சாப்பிடுற சத்தத்தைக் கொஞ்சம் கேப்பம்."

நான் போனை அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.